மரத்தடியில் சொல்லக்கூடாத சொல்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, வெயிலுக்கு முகம் கொடுத்து அமர்ந்திருக்கும் எங்கள் வட்டாரத் தலைவர் லோங்கோலியா மாமா அவர்களே! புழுதிச் சாலையில் குலுங்கிக் குலுங்கி எங்களைத் தேடி வந்திருக்கும் கால்நடைத் துறை அலுவலர் மகோகா ஐயா அவர்களே! உடன் வந்திருக்கும் நிவாரணக் குழுவினரே! கையோடு கொண்டுவந்த முக்காலிகளில் முன்வரிசை பிடித்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பாரத்தை மனத்திலும் வைத்துக்கொண்டு வேலமர நிழலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஆடுகளை ஓட்டிவிட்டு ஓடிவந்த அண்ணன்மார்களே, ஓட்டுவதற்கு ஆடே இல்லாததால் முதலிலேயே வந்துவிட்ட அண்ணன்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் செனங்காட்டின் பணிவான வணக்கம்.

என்ன? கேட்கவில்லையா? மைக்கைப் பக்கத்தில் வைக்கவா?

பின்னாலிருந்து குரோப் அண்ணன் கத்துகிறார்: "ஏ செனங்காட், கொசு கூட உன்னைவிட சத்தமாப் பேசும்!" இருக்கட்டும் அண்ணா. கொசுவுக்கு யாரும் மைக் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்ததைப் பயன்படுத்திக்கொள்கிறேன். சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. இனிமேல் சிரிக்க அதிகம் இல்லை.

அவையோரே! இன்று இந்த அவை முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். அதோ, அந்த வேலமரத்தை ஒட்டி, துக்கத்துக்காகக் கழுத்து மணிகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுத் தலை குனிந்து அமர்ந்திருக்கிறாரே செயேச் அக்கா, அவருக்கு அரசின் அவசர உதவி உண்டா, இல்லையா? மழை பெய்தும் புல் இன்னும் தலைதூக்காத இந்த நேரத்தில், புல்லுக்கட்டும் மாவுமூட்டையும் அந்த லாரியில் வந்து நிற்கின்றன. அவற்றில் ஒரு பங்கு அவர் வீட்டு வாசலில் இறங்குமா, இறங்காதா? இறங்கினால் அவருடைய மிச்ச ஆடுகள் மிஞ்சும். இறங்காவிட்டால் நாளைக் காலை அவர் ஆற்றங்கரைத் தங்கக் குழிக்குப் போகிறார். மண் அலசும் தட்டை இரவல் வாங்கி வைத்துவிட்டார். பிள்ளைகளைத் தங்கையிடம் விடப் பேசிவிட்டார். எந்தக் குழிக்கு? கணவரை விழுங்கிய அதே குழிக்கு.

"நீங்களே பேசுங்கக்கா" என்றேன். "நான் வாயைத் திறந்தா அழுகைதான் வரும். அழுதா பாவம்னு குடுப்பாங்க. எனக்குப் பாவம்னு வேண்டாம். நீ பேசு" என்றார். அதனால்தான் நான் நிற்கிறேன். பாவம் பார்க்கச் சொல்லி நான் வரவில்லை. நியாயம் பார்க்கச் சொல்லி வந்திருக்கிறேன்.

பெரியோர்களே! போன வறட்சியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஆறு மணலானது, மணல் அனலானது. பசு படுத்தது, படுத்தது எழவில்லை. அப்போது வானொலியில் அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. ஆடுமாடு இழந்தவருக்கும் தேனீ இழந்தவருக்கும் அவசர உதவி உண்டு. நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! ஆடுமாட்டை எல்லா அரசும் நினைத்துக்கொள்ளும். ஆனால் தேனீயை? மரத்தைக் குடைந்து, இரண்டு முனையும் அடைத்து, உச்சிக்கிளையில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்தத் தேன்கட்டையை நினைத்துக்கொண்ட அரசு எது? பிள்ளைக்கு இருமல் வந்தால் தேன். பெண் கேட்டுப் போனால் தேன். பெரியவர்கள் கூடிப் பிணக்கைத் தீர்த்தால் தேன். அந்தத் தேனுக்கும் ஓர் அரசாங்கம் அக்கறை காட்டியதே என்று மகிழ்ந்தோம். மகோகா ஐயா, அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. உங்களுக்கு அன்று சொல்லாத நன்றியை இன்று சொல்கிறேன்.

அறிவிப்பு வந்தது. ஆய்வுக்கு ஆள் வந்தார். செத்த ஆட்டுக்குத் தோலைக் காட்டினோம். செத்த மாட்டுக்குக் கொம்பைக் காட்டினோம். தேனீக்கு எதைக் காட்டுவது?

லோமுரியா அண்ணனின் மரத்தடியில் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். செயேச் அக்காவின் கணவர் லோமுரியா. நெட்டையான மனிதர், அதிகம் பேசாதவர். அன்றுவரை அவருடைய ஆடு ஒன்றுகூடச் சாகவில்லை. ஏன் சாகவில்லை? முள்மரமாய்ப் பார்த்து ஏறினார், கிளைகிளையாய் வெட்டிப் போட்டார். உடம்பெல்லாம் கீறல், ஆட்டுக்கெல்லாம் தீனி. ஆடு சாகாததால் ஆட்டுக் கணக்கில் அவருக்கு உதவி கிடையாது. காட்டுவதற்கு அவரிடம் இருந்த இழப்பு ஒன்றுதான், காலியாகத் தொங்கிய தேன்கட்டைகள்.

ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார். நம் மொழி அவருக்குத் தெரியாது, "தேனீ செத்துச்சா?" என்று அரசாங்க மொழியான சுவாஹிலியில் கேட்டார். தலைவர் மாமாதான் மொழிபெயர்த்தார்.

"தேனீ இல்லாமலே போயிடுச்சான்னு கேக்கறாருப்பா."

"இல்ல மாமா. போயிருக்காங்க."

"போயிருக்காங்கன்னா?"

"பூ இல்ல, தண்ணி இல்ல. மேல் மலைக்குப் போயிருக்காங்க. மழை பேஞ்சா வருவாங்க."

மாமா அதை அப்படியே சொன்னார். ஆய்வாளர் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். வெயிலில் வியர்த்து நின்றார், தண்ணீர் கொடுத்தபோது பாதிதான் குடித்துவிட்டு மீதியைத் திருப்பித் தந்தார். "விதியில 'உயிரிழப்பு'ன்னுதான் போட்டிருக்கு" என்றார். "வெளியூர் போனதுக்கெல்லாம் காசு குடுக்க முடியாதே. செத்துச்சுன்னு அவர் சொன்னாப் போதும். நான் எழுதிக்கிறேன். அவர் வாயால சொல்லணும், அவ்வளவுதான்."

ஒரே ஒரு வார்த்தை, அவையோரே! செயேச் அக்கா அந்தப் பக்கம் நின்று தோள்துணியைக் கடித்துக்கொண்டிருந்தார். மாமா குரலைத் தாழ்த்தினார். "லோமுரியா, ஒரு வார்த்தைப்பா. சொல்லிட்டுப் போயேன். புல்லு வருது, மாவு வருது."

லோமுரியா அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? கோபப்படவில்லை. "நீங்களே சொல்லுங்க மாமா. இந்த மரத்தடியில நின்னு, உங்க வாயால சொல்லுங்க பாப்போம்" என்றார்.

மாமா, இந்த அவையில் இதைச் சொல்வதற்கு என்னை மன்னிக்க வேண்டும். உங்களால் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தீர்கள், மேலே பார்த்தீர்கள், வாயை மூடிக்கொண்டீர்கள்.

ஏன்? வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தேன்மரத்தின் அடியில் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் குளிக்காமல் அந்த நிழலை மிதிப்பதில்லை. 'செத்தது' என்று மரத்தடியில் சொன்னால் அந்தக் கட்டைக்கு அது சாவுச்செய்தி. சாவுச்செய்தி சொன்ன வீட்டுக்குத் தேனீ திரும்பாது. அந்தக் கட்டையை இறக்கிவிட வேண்டும். பிறகு எந்த மரத்திலும் அதை ஏற்றக்கூடாது. நம்பிக்கையா என்று கேட்பீர்கள். பழக்கமா என்று கேட்பீர்கள். எதுவானாலும் இருக்கட்டும். உங்கள் தாய் சந்தைக்குப் போயிருக்கும்போது, ஒருவர் வந்து "செத்துட்டாங்கன்னு சொல்லு, மாவு தர்றேன்" என்றால் சொல்வீர்களா?

யாரோ "சொல்லமாட்டோம்" என்கிறார்கள். அவசரப்படாதீர்கள். சொன்னோமே! நம்மில் பெரும்பாலோர் சொன்னோம்.

குரோப் அண்ணன் என்னை இந்தக் கதையைச் சொல்ல அனுமதித்திருக்கிறார். "என் பேரையும் சேர்த்தே சொல்லு, நான் என்ன மறைஞ்சா இருக்கேன்" என்றார். அன்று லோமுரியா அண்ணனின் மரத்தடியில் அவரும் நின்றுகொண்டிருந்தார்.

"டேய் லோமுரியா," என்றார் குரோப் அண்ணன், "தேனீ என்ன பள்ளிக்கூடம் போய் சுவாஹிலி படிச்சுதா? நம்ம பாஷையில சொன்னாத்தானே அதுக்குப் புரியும்? அந்த வார்த்தையைச் சுவாஹிலியில சொல்லிட்டு வாங்கிட்டுப் போயிட்டே இரு!"

எல்லாரும் சிரித்தோம். ஆய்வாளரே சிரித்துவிட்டார். லோமுரியா அண்ணனும் சிரித்தார். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

குரோப் அண்ணன் தன் மரத்தடிக்குப் போனார். நல்ல சுவாஹிலியில், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவருக்கு உதவி கிடைத்தது. அவரைப் பார்த்து அடுத்தவர் சொன்னார், அடுத்தவரைப் பார்த்து அதற்கடுத்தவர் சொன்னார். ஊரே சுவாஹிலி பேசியது. ஊருக்கே புல்லுக்கட்டு வந்தது. உங்கள் ஆடுகள் பிழைத்தன. நான் குறை சொல்லவில்லை, அண்ணன்மார்களே. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்க யாருக்கு முடியும்? என் வீட்டிலும் சொன்னார்கள். அந்த மாவில் கிளறியதை நானும் தின்றேன்.

ஆனால் அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்தது என்ன?

அன்று சாயங்காலம் குரோப் அண்ணன் தன் மரத்தில் ஏறினார். கயிற்றை அறுத்தார். தன் கையால் குடைந்த கட்டைகளை ஒவ்வொன்றாய் இறக்கினார். கோடரியை எடுத்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தேன். நின்றுவிட்டேன்.

"என்னண்ணே இது? தேனீக்குத்தான் சுவாஹிலி தெரியாதுன்னு சொன்னீங்களே?"

அவர் கோடரியை ஓங்கியபடியே சொன்னார்:

"தேனீக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியுமே."

அவையோரே! அந்த ஒரு பதிலுக்கு முன்னால் நான் படித்த படிப்பில் எந்தப் பதிலும் இல்லை. எனக்குத் தெரியுமே! சொன்னது அவர் வாய். கேட்டது அவர் காது. செத்தது என்று சொல்லிவிட்ட கட்டையை அவரால் இனிமேல் எந்தக் கிளையில் கட்ட முடியும்? எந்த முகத்தோடு "வாங்க" என்று அழைக்க முடியும்? அவர் வீட்டில் மட்டுமா? அந்த வாரம் ஊரெங்கும் கோடரிச் சத்தம். ஊரெங்கும் அடுப்பில் தேன்மெழுகு மணம். தேனீ வளர்ப்பவரைக் காப்பாற்ற வந்த உதவி அது. வாங்கியவர் ஒவ்வொருவரும் தேன்கட்டையை விறகாக்கினார். இது யாருடைய குற்றம்? உங்களுடையதா ஐயா? இல்லை. எங்களுடையதா? இல்லை. ஒரு கேள்வியின் குற்றம். தவறாகக் கேட்கப்பட்ட ஒரே ஒரு கேள்வியின் குற்றம்!

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து கைதட்ட வேண்டாம். இன்னும் நான் லோமுரியா அண்ணனின் கதையைச் சொல்லி முடிக்கவில்லை.

உதவி கிடைக்காத வீட்டில் என்ன நடக்கும்? முள்மரங்களில் இலை தீர்ந்தது. ஆடுகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. அப்போது ஆய்வாளர் இல்லை, ஆய்வு முடிந்துவிட்டது. செயேச் அக்கா ஒரு நாள் தாங்காமல் கத்திவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து எனக்கே கேட்டது.

"தேனீயைக் காப்பாத்தி வச்சிருக்கியே, அது என்ன உன் பிள்ளைக்குப் பால் குடுக்குமா? ஒரு வார்த்தை! ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நாக்கு வரலையா?"

"வரலைடி" என்றார் லோமுரியா அண்ணன். "வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போனார். தங்கம் தோண்டுகிற குழிக்குப் போனார். மரம் ஏறியே பழகிய மனிதர், மண்ணுக்குள் இறங்கினார். வானத்தைப் பார்த்தே வாழ்ந்த மனிதர், வானம் தெரியாத இடத்துக்குள் இறங்கினார். குழியின் கரை சரிந்தது. உடன் இருந்தவர்கள் கையால் தோண்டினார்கள், தட்டால் தோண்டினார்கள், அழுதுகொண்டே தோண்டினார்கள்.

தாய்மார்களே, அழுங்கள்.

பிறகு மழை வந்தது. எப்போதும் போல, வரவேண்டிய நேரமெல்லாம் கடந்த பிறகு வந்தது. மலையிலிருந்து தேனீக்கள் இறங்கின. கூட்டம் கூட்டமாக, ரீங்காரமாக, வீடு திரும்பும் பிள்ளைகளைப் போல இறங்கின. இறங்கி, எங்கே போவார்கள்? வீடு எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடக் கூரையில் தொங்கினார்கள், புகை போட்டு விரட்டினோம். மருந்தகத்துத் தண்ணீர்த் தொட்டியில் அடைந்தார்கள், மூடியைப் போட்டு மூடினோம். குரோப் அண்ணனின் வாசல்காலில் ஒரு கூட்டம் வந்து மொய்த்தது. அந்த மனிதர், ஊரையே சிரிக்கவைக்கும் அந்த மனிதர், வாசலில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "வந்து நிக்கிறாங்களே, நான் எங்க வைப்பேன்? என்கிட்ட ஒரு கட்டை இல்லையே" என்று புலம்பினார். அந்தத் தேனீக்கள் அன்று முழுவதும் காத்திருந்துவிட்டுப் போய்விட்டன.

ஒரே ஒரு மரத்தில் மட்டும் கட்டைகள் தொங்கின. யாருடைய மரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்னபடியே வந்தார்கள். அவர் வைத்த இடத்துக்கே வந்தார்கள். அந்த மரம் இன்று பாடுகிறது. அக்காவால் அதன் அடியில் போய் நிற்க முடியாது. துக்கம் கழியவில்லை. வேலிக்கு இந்தப்புறம் நின்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்.

இப்போது சொல்லுங்கள், மகோகா ஐயா. நாளைக்கு உங்கள் ஆய்வாளர் வருவார். "தேனீ செத்துச்சா?" என்று கேட்பார். அன்று லோமுரியாவிடம் "போனதெல்லாம் இழப்பாகாது" என்றீர்கள். இன்று அவர் மனைவியிடம் "திரும்பி வந்ததெல்லாம் இழப்பாகாது" என்பீர்கள். போனபோதும் இல்லை, வந்தபோதும் இல்லை என்றால், இந்தக் குடும்பம் எப்போதுதான் இழந்தது?

அவையோரே! நம் மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. திரும்பி வரப்போகிறவருக்கு ஒன்று, திரும்பி வராதவருக்கு ஒன்று. இரண்டையும் நாம் குழப்புவதில்லை. குழப்பினால் வாழ்க்கை குழம்பிவிடும். லோமுரியா அண்ணன் காத்தது அந்தக் கட்டைகளை மட்டுமல்ல. அந்த இரண்டு சொற்களுக்கு நடுவிலே இருக்கும் வேலியைக் காத்தார். அதற்காகப் பட்டினி கிடந்தார். அதற்காகக் குழிக்குள் இறங்கினார். அவர் காத்ததை நான் இந்த மேடையில் மீறக்கூடாது. அதனால் அவரைப் பற்றி இதுவரை சொல்லாத சொல்லை, தேன்மரத்திலிருந்து தள்ளி நின்று, சரியான இடத்தில் சரியான ஆளுக்குச் சொல்கிறேன். லோமுரியா செத்துப்போனார். ஐயா, அந்தச் சொல்லை அவருக்கு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய தேனீக்களுக்கு எழுதாதீர்கள்.

அப்படியானால் என்னதான் எழுதுவது என்று நீங்கள் கேட்கலாம். விதிகளைத் திருத்த மக்கள் கருத்தைக் கேட்கவே இன்று வந்திருக்கிறோம் என்று தொடக்கத்தில் சொன்னீர்கள். அதை நம்பித்தான் சொல்கிறேன். கேள்வியை மாற்றுங்கள். தேனீ செத்ததா என்று கேட்காதீர்கள். தேனீ எங்கே போனது, எப்போது வரும் என்றும் கேட்காதீர்கள், அது எங்கள் கவலை. "தேன் இருக்கா?" என்று கேளுங்கள். இரண்டே வார்த்தை. மரத்தடியில் நின்றே கேட்கலாம். இல்லை என்றால் இல்லை என்போம், இருந்தால் ஒரு கிண்ணத்தில் கொடுத்து அனுப்புவோம். எங்கள் நாக்கும் கூசாது, உங்கள் விதியும் நிறைவேறும். எந்தக் கட்டையும் அடுப்புக்குப் போகாது. எந்த மனிதனும் குழிக்குப் போகமாட்டான்.

சற்றுப் பொறுங்கள். அலுவலர் ஐயா தலைவர் மாமாவிடம் ஏதோ பேசுகிறார். அமைதியாக இருங்கள்... அக்காவிடம் அதைக் கேட்கலாமா என்கிறார். இப்போதே கேட்கலாமா என்கிறார். கேளுங்கள் ஐயா! மைக் எதற்கு, கிட்டே போயே கேளுங்கள். வழி விடுங்கள் அண்ணன்மார்களே. பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

அவரே கேட்டுவிட்டார். நம் மொழியிலேயே, மாமா சொல்லிக்கொடுத்தபடி, தட்டுத் தடுமாறிக் கேட்டுவிட்டார். பின்னால் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். "தேன் இருக்காம்மா?" என்று கேட்டார்.

செயேச் அக்கா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கக்கா. "தேனீ வந்திருக்காங்க சார். தேன் இல்ல. பூ இன்னும் பூக்கல" என்கிறார்.

ஐயா எழுதுகிறார். அவர் பெயரை எழுதுகிறார். லாரியில் இருக்கும் பையன்களுக்குக் கையைக் காட்டுகிறார். அவையோரே, இறங்கிவிட்டது! ஒரு பங்கு இறங்கிவிட்டது!

இல்லை, கைதட்டாதீர்கள். அக்கா இன்னும் உட்காரவில்லை. இன்னும் ஏதோ சொல்கிறார். சத்தம் வேண்டாம். என்னக்கா?

"இதை அவருகிட்டயே கேட்டிருக்கலாமே சார்" என்கிறார். "அவரும் இல்லன்னுதான் சொல்லியிருப்பாரு."

பெரியோர்களே. இதற்குப் பிறகும் நான் பேசுவதற்காகச் சில நல்ல வரிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அவற்றை மடித்து வைத்துக்கொள்கிறேன். பேச நேரம் தந்த தலைவர் மாமாவுக்கு நன்றி. எழுந்து நடந்து போய்க் கேட்ட மகோகா ஐயாவுக்கு நன்றி. தன் பெயரை ஒளிக்காத குரோப் அண்ணனுக்கு நன்றி. கேட்டீர்கள், அழுதீர்கள், உங்களுக்கும் நன்றி. அக்காவின் பங்கைச் சுமந்து போக நாலு பேர் வாருங்கள். மேட்டு வழியாகப் போங்கள், துக்கக்காரர்கள் அந்த மரத்தடியைக் கடக்க வேண்டாம். இருப்பவர்களுக்கும், போயிருப்பவர்களுக்கும், என் வணக்கம்.